மீன் கடித்துக்கொண்டிருந்தது

ஏரிக்கரை, டிசம்பர் 14, 1978

இசாமு அத்தானுக்கு,

கியோஹாரு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இருந்தால் மேலே படியுங்கள். விலாசத்தை அக்காவிடம் கேட்கவில்லை. நீங்கள் ஹகோதாதேயிலிருந்து அனுப்பும் உறைகளைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். அவள் கொல்லைக்குப் போன நேரத்தில் ஒன்றின் முதுகைப் பார்த்து எழுதிக்கொண்டேன். எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இது மீன்பிடிச் சங்கத்து வேலையாக எழுதும் கடிதம். நீங்கள் போய் எட்டு மாதமாக ஏரிக் காவல் வேலை காலியாகக் கிடந்தது. போன வாரம் கூட்டத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். "எனக்கு எதுக்கு?" என்றேன். தலைவர் ஒகிட்டா சிரித்துக்கொண்டே, "மூணு கால்விரலை ஏரிக்குக் குடுத்தவன் நீ. உன்னைவிட பயந்து நடக்கிறவன் இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் தேதி ஏரி உறைந்தது. நாலே நாளில் இடுப்பளவு பனி கொட்டிவிட்டது. நேற்றுக் குழி போட்டு அளந்தேன், பனிக்கட்டிப் பாளம் ஒன்பது சென்டிமீட்டர்தான். குளிருக்குக் குறைவில்லை. விடியற்காலையில் மூக்குமயிர் ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் பாளம் தடிக்கவே மாட்டேன் என்கிறது. வகசாகி மீன் பிடிக்கப் புத்தாண்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பதினைந்து இல்லாமல் நான் யாரையும் இறக்கப் போவதில்லை.

இப்படி ஒரு வருஷம் உங்களுக்கு வந்ததா? வந்திருந்தால் என்ன செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். மற்ற பேச்சு வேண்டாம்.

கியோஹாரு


ஹகோதாதே, டிசம்பர் 20

கியோஹாருவுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில்.

பனி என்பது கம்பளி. நீ வெளியே நடுங்குகிறாய், ஏரி உள்ளே போர்த்திக்கொண்டு தூங்குகிறது. குளிர் பாளத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. போதாததற்கு அத்தனை பனியின் கனம் பாளத்தைக் கீழே அமுக்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும், பனியோடு சேர்ந்து கஞ்சியாகும், அதன் மேல்தோல் மட்டும் உறையும். அப்புறம் அது மாடி வீடு. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் தண்ணீர். துளைக்கருவியை இறக்கினால் முதலில் கெட்டியாக இறங்கும், திடீரென்று கைக்கு எதுவும் தட்டுப்படாது. அப்படி இருந்தால் மேல்தட்டைக் கணக்கிலேயே சேர்க்காதே. வெள்ளைப் பாளம் எத்தனை கனமோ அதில் பாதிதான் நிஜம். கண்ணாடி மாதிரிக் கறுப்பாகத் தெரிவதை மட்டும் நம்பு.

ஆட்களைச் சேர்த்துப் பனியை வாரித் தள்ளு. முழு ஏரியும் முடியாது, வேண்டியதும் இல்லை. கரையிலிருந்து நூறு அடி அகலத்துக்கு ஒரு தெரு மாதிரி. சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் செய், இரவுக் குளிர் நேராக உள்ளே இறங்கட்டும். வார முடியாத இடத்தில் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு மிதித்து அமுக்கினாலும் போதும். ஏழெட்டு நாளில் வித்தியாசம் தெரியும். பத்து அடிக்கு ஒரு தரம் கடப்பாரையால் குத்திப் பார்த்து நட. ஓசை உனக்குத் தெரியும்.

கயிறு கட்டு. மேற்குக் கரை பிர்ச் மரங்களிலிருந்து கோவில் முனை வரைக்கும். ஆறு வந்து கலக்கும் பக்கத்துக்கு யாரையும் விடாதே. அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு கணவாய் மீன் கொட்டகையில் வேலை. வயிற்றைக் கிழித்து, குடல் எடுத்து, காயப்போடுவது. உன் அக்கா மிட்சுயோ நன்றாக

அந்த வரியை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

இசாமு


ஏரிக்கரை, ஜனவரி 8, 1979

அத்தான்,

நீங்கள் சொன்னபடி செய்தோம். பதினெட்டுப் பேர் ஒன்பது நாள் வாரினோம். ஒகிட்டா மட்டும் கரையில் நின்று, "ரோடு போட்டு முடிச்சதும் பஸ் விடுவீங்களாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் தேதி அளந்தேன். பதினேழு, அத்தனையும் கறுப்பு. அன்றே திறந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் நல்ல வேட்டை. ஒரு குழிக்கு நூற்றைம்பது, இருநூறு. அப்புறம் மறுபடியும் பனி. கூடாரங்களைச் சுற்றி வார முடிகிறது, அவ்வளவுதான். மூன்று நாளாக மீன் வாயையே திறக்கவில்லை. குஷிரோவிலிருந்து வந்த ஒருவன், "ஏங்க, மீனெல்லாம் புத்தாண்டு லீவுல போயிருச்சா?" என்று கேட்கிறான். காலையில் ஆறிலிருந்து ஏழரை வரை சிறிது கடிக்கிறது. பிறகு தூண்டில் நரம்பு கம்பி மாதிரி ஆடாமல் நிற்கிறது. நீங்கள் இருந்தபோது இந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று எனக்கு நினைவில்லை. உங்கள் குழியில் எப்போதும் மீன் இருந்தது என்பதுதான் நினைவு.

ஒன்று கேட்க வேண்டும். சங்கத்து விஷயம் இல்லை. ஏப்ரலில் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரயிலேறினீர்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் படுத்துக் கிடந்த வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே இரண்டு தெருதான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகத்தான் கேட்கிறேன் போலிருக்கிறது, எழுதியதைப் படித்தால்.

அக்கா பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போகிறாள். புத்தாண்டு அன்று எனக்குச் சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். அரிசிக் கட்டி போட்டு மூன்று கிண்ணம் வைத்தாள். மூன்றாவது கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்று அதையும் என் பக்கம் தள்ளினாள்.

கியோஹாரு


ஹகோதாதே, ஜனவரி 15

கியோ,

சொல்லாமல் வந்ததற்குக் காரணம் உன் அக்கா. அவள் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தோம். எதிரே இருந்தவள் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க முகத்தைப் பாத்தா எனக்கு அவன் காலுதான் தெரியுது" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் இருந்திருப்பேன். அதற்கப்புறம் உன் வாசலுக்கு எப்படி வருவது?

மீனுக்கு வருகிறேன்.

பனி மூடின பாளத்துக்கு அடியில் நடுப்பகலிலும் இருட்டு. வெளிச்சம் இருந்தால் வகசாகி பயந்து தரையோடு கிடக்கும். இருட்டானால் துணிந்து நடு ஆழத்துக்கு ஏறும். உன் ஆட்கள் ஈயக் குண்டைத் தரையில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். மீன் அவர்கள் தூண்டில் முள்ளுக்கு மேலே பத்து அடியில் உலாத்துகிறது. தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கு, இருபது எண்ணு. கடிக்காவிட்டால் இன்னொரு முழம். எங்கே கடிக்கிறதோ அந்த ஆழத்தில் நரம்பில் சிவப்பு நூல் முடிந்துகொள். ஒருவருக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் உரக்கச் சொல்லச் சொல். மறைப்பான்கள். அப்படியும் சொல்லச் சொல். புழுவை அரை மணிக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். குளிரில் விறைத்த புழுவை மீன் முகர்ந்துகூடப் பார்க்காது.

இன்னொன்று. பனி இப்படியே இருந்தால் ஜனவரி கடைசியில் அடித்தண்ணீர் கெட்டுப்போகும். மீனுக்கு மூச்சு முட்டும். புதுத் தண்ணீர் வரும் இடம் தேடி ஆற்றுவாய்க்குப் போகும். மனிதர்களும் பின்னாலேயே போகப் பார்ப்பார்கள். பாளம் தேய்ந்து கிடப்பதும் அங்கேதான்.

கொட்டகையில் எனக்கு இருபக்கமும் பெண்கள். "வடக்கத்தி அண்ணே, மீன் பிடிக்கிறவருன்னு சொன்னீங்க, கத்தி பிடிக்கத் தெரியலையே" என்று தினமும் ஒரு பாட்டு. நான் ஒன்றைக் கிழிப்பதற்குள் அவர்கள் மூன்றை முடிக்கிறார்கள்.

இசாமு


ஏரிக்கரை, பிப்ரவரி 1

அத்தான்,

சிவப்பு நூல் ஜெயித்துவிட்டது. நாலரை முழத்தில் கடித்தது. பத்து நாள் கூடாரத்துக்குக் கூடாரம் சிரிப்பு. குஷிரோக்காரன் என்னை, "வாத்தியாரே" என்று கூப்பிட்டுச் சூடான சாக்கே மது ஊற்றிக் கொடுத்தான். இது உங்கள் யோசனை என்று நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் சொன்னதும் நடந்துவிட்டது. மூன்று நாளாக ஏரி நடுவில் ஒன்றும் இல்லை. கயிற்றுப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கடி. இப்போது கூடாரங்களெல்லாம் கயிற்றை ஒட்டி வரிசையாக நிற்கின்றன, கடைத்தெரு மாதிரி. பதினோராம் தேதி விடுமுறை நாளில் போட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து பஸ். நேற்று ஒகிட்டா என் தோளில் கை போட்டுக்கொண்டு, "கயித்த ஒரு அறுபது அடி தள்ளிக் கட்டுப்பா. இவ்வளவு தூரம் வந்தவங்க வெறுங்கையோட போனா அடுத்த வருஷம் யாரு வருவா?" என்றார்.

நான் அந்தப் பக்கம் போய் அளந்தேன். போகும்போது ஒவ்வொரு அடிக்கும் கடப்பாரையைக் குத்திப் பார்த்தேன். இருபது இருக்கிறது. ஆனால் அடிப்பக்கம் நாலு விரற்கடை நைந்த ரொட்டி மாதிரி. மீதி கெட்டி. தள்ளிக் கட்டலாமா, கூடாதா? பதினொன்றுக்கு முன்னால் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன்.

கியோ


ஹகோதாதே, பிப்ரவரி 6

கியோ,

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இங்கே உட்கார்ந்துகொண்டு அந்தப் பாளத்தை நான் பார்க்க முடியாது. நீ அளந்தது ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிப் பாளம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இருப்பது வேறு பாளம். பதினோராம் தேதி காலையில் இருப்பது இன்னொன்று. மத்தியானம் காற்று மாறினால் அதுவும் இல்லை. தென்காற்று எழும்புவதற்கு முன்னால் மீன் எப்படிக் கடிக்கும் என்று உனக்குத் தெரியும். வருஷத்திலேயே நல்ல கடி அந்த இரண்டு மணி நேரம்தான். பாளம் கெட்டுப்போகத் தொடங்குவதும் அதே இரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் எழுந்ததில்லை.

என் பேச்சை வைத்துக்கொண்டு கயிற்றைத் தள்ளிக் கட்டாதே. என் பேச்சை வைத்துக்கொண்டு கட்டாமலும் இருக்காதே.

இசாமு


ஏரிக்கரை, பிப்ரவரி 13

அத்தான்,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. கிழக்கு லைனில் பனிச்சரிவு, மூன்று நாளாக ரயில் இல்லை என்கிறார்கள். வந்திருந்தாலும் இனி உதவாது. நடந்ததைச் சொல்கிறேன்.

கயிற்றை நான்தான் தள்ளிக் கட்டினேன். பதினொன்று விடியற்காலையில் மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர். இருபத்தொன்று அளந்தேன். கடப்பாரை குத்தினால் கணீரென்றது. வானம் கழுவி வைத்தது மாதிரி. சரி என்று நானே முளை அடித்தேன்.

இருநூறு பேருக்கு மேல். பத்து மணிக்குக் கடி தொடங்கியது. அத்தான், நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பொய். ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். ஆறு முள்ளிலும் ஆறு மீன். கழற்றிப் போட நேரமில்லாமல் ஜனங்கள் பனிமேலேயே உதறினார்கள். கிழவர்கள் குழந்தைகள் மாதிரி கத்தினார்கள். கரையில் அக்கா பள்ளிக்கூடத்துப் பெரிய சட்டியைக் கொண்டுவந்து, மீனை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்கு என் கழுத்தில் சூடு பட்டது. காற்று தெற்கே திரும்பியிருந்தது. கூடாரத் துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஆற்றுவாய்ப் பக்கத்துக் கடைசிக் குழியைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் விளிம்புக்கு மேலே ஏறிப் பனியை நனைத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவருடைய பூட்ஸ் நனைந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மீன் கடித்துக்கொண்டிருந்தது.

விசிலை ஊதினேன். "எல்லாரும் எந்திரிங்க! கரைக்குப் போங்க! ஏரி மூடியாச்சு!" என்றேன்.

ஒருத்தரும் எழவில்லை. குஷிரோக்காரன், "வாத்தியாரே, வெளையாடாதீங்க, நான் ரெண்டாவது எடத்துல இருக்கேன்" என்றான். நான் அவன் கூடார முளையைப் பிடுங்கினேன். அதற்குள் ஒகிட்டா ஓடி வந்துவிட்டார். "பைத்தியமாடா உனக்கு? இருபத்தொண்ணுன்னு காலையில நீதானே சொன்னே?"

"காலையில சொன்னேன். இப்ப சொல்றேன், மூடுங்க."

"எங்க ஒடஞ்சிருக்கு? காட்டு!"

"ஒடஞ்சப்புறம் காட்ட நான் இருக்க மாட்டேன்."

பின்னாலிருந்து யாரோ, "அவனுக்கு பயம்யா. அவங்க அத்தான் ஒரு தடவ தள்ளிவிட்டாரில்ல" என்றான். சிரிப்பு கேட்டது. நான் நடந்துகொண்டே கரைப் பக்கம் வந்திருந்தேன் போலிருக்கிறது, அக்காவின் அடுப்பிலிருந்து பத்தடியில் நின்றிருந்தேன்.

அப்போது சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. "அவரு தள்ளலய்யா. போன வருஷம் இதே மாதிரி என் குழியில தண்ணி ஏறுச்சு. நான் பாத்தேன். அவரு முப்பதடி தள்ளி இருந்துக்கிட்டு, 'உன் பக்கம் எப்படிடா இருக்கு?'ன்னு கேட்டாரு. 'கல்லு மாதிரி இருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம்'னு நான்தான் சொன்னேன். மீனு கடிச்சுக்கிட்டிருந்துச்சு. எழுந்திரிக்க மனசு வரல. பாளம் ஒடஞ்சு நான் உள்ள போனேன். ஆஸ்பத்திரியில, 'இன்னும் உக்காரலாம்னு யாரு சொன்னது?'ன்னு அக்கா கேட்டப்ப செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவரு 'நான்தான்'னாரு. நான் அப்பவும் வாயத் தெறக்கல."

அக்கா எண்ணெயில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். கடைசி மீன் வரைக்கும் எடுத்தாள். அடுப்பை அணைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து மடித்தாள். போய்விட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஜனங்கள் தானாகவே எழுந்தார்கள். என் விசிலுக்காக இல்லை, சங்கடத்தில். பன்னிரண்டரைக்கு ஏரியில் ஒருவர்கூட இல்லை.

பாளம் உடையவில்லை அத்தான். நாலு மணிக்குக் காற்று வடக்கே திரும்பி மறுபடியும் இறுகிவிட்டது. நேற்று ஒகிட்டா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் குதித்துக் காட்டினார். எண்பது கிலோ மனிதர். ஒரு கீறல் இல்லை. "பாத்தியா?" என்றார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எடுத்தேன். நாலு பக்கம் எழுதியும் அந்த இடத்துக்கு வர முடியவில்லை. கேட்கிறேன்.

கியோஹாரு


ஹகோதாதே, பிப்ரவரி 20

கியோ,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீ எல்லோர் முன்னாலும் சொன்னது உண்மை. ஆனால் அது முழுசு இல்லை. மீதியை நான் சொல்கிறேன்.

உன்னிடம் கத்திக் கேட்பதற்குச் சிறிது நேரம் முன்னால் நான் ஒதுங்கப் போனேன். திரும்பும்போது உன் பின்னால்தான் நடந்து வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் குழியைப் பார்த்தேன். உன் பூட்ஸ் கணுக்கால் வரைக்கும் நனைந்திருந்ததையும் பார்த்தேன். இருபது வருஷம் ஏரிக் காவல் பார்த்தவன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவன் இல்லை. அப்படியே உன் தோளைத் தட்டி, "எந்திரிடா, போதும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என் குழிக்குப் போய் உட்கார்ந்தேன். என் நரம்பும் துள்ளிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கேட்டேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. நீ "நல்லா இருக்கு" என்று சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரலாம், அதற்காகக் கேட்டேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீயும் அதையே சொன்னாய்.

உன்னை இழுத்துப் போட்டேன், முதுகில் சுமந்தேன் என்று ஊர் சொல்லும். புயலில் இரண்டு மணி நேரம் நடந்ததும், உன் ஒரு கால் வெறும் சாக்ஸோடு என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்ததும் எனக்கு மறக்காது. ஆஸ்பத்திரியில் "நான்தான்" என்று சொன்னது உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நீ இத்தனை நாள் நினைத்துக் குறுகியிருந்தால், வேண்டாம். அது உனக்காகச் சொன்ன பொய் இல்லை. இருந்ததைச் சொன்னேன்.

ஆனால் எப்படி என்று சொல்லவில்லை. அது என் கோழைத்தனம்.

பதினோராம் தேதி பாளம் உடையவில்லை என்று வருத்தப்படாதே. உடைந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள். உடையாததால் ஒகிட்டா குதித்துக் காட்டுகிறார். அவர் குதித்தது மறுநாள் பாளத்தில். நீ மூடியது அன்றைய பாளத்தை. கடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்த முதல் ஆள் நீ.

இந்தக் கடிதத்தை மிட்சுயோவிடம் கொடு. நான் அனுப்பினால் அலமாரிக்குத்தான் போகும்.

இசாமு


ஏரிக்கரை, மார்ச் 3

அத்தான்,

கொடுத்துவிட்டேன். அதற்கு முதலில் அவள் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. பதினோராம் தேதியிலிருந்து என்னோடு பேச்சில்லை. பள்ளிக்கூட வாசலில் எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். இருபத்தைந்தாம் தேதி அவள் வீட்டு வாசல் பனியை வாரிப்போட்டேன், கேட்காமலே. வாரி முடிக்கும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே போகவில்லை. கடிதத்தை நீட்டினேன்.

நின்றபடியே படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். சிரித்தாள், அத்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நீங்கள் பயந்திருப்பீர்கள்.

"ஒருத்தன் பொய் சொல்லியிருக்கான். இன்னொருத்தர் அந்தப் பொய்யக் கேட்டு வாங்கியிருக்காரு. நடுவுல நான் பதினோரு மாசம் ஒத்தையில உக்காந்து சோறு தின்னிருக்கேன்."

"அக்கா..."

"நீ பேசாத. விரல் போனது உனக்குன்னு அழுதேன். போனது எனக்குல்ல?"

அதற்கு மேல் எனக்கு நிற்கத் தெரியவில்லை. தெருமுனைக்குப் போனதும் கூப்பிட்டாள். "டேய், ஹகோதாதேக்கு வண்டி எத்தனை மணிக்கு?" என்றாள். காலை ஆறு நாற்பது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றுக் காலை வீடு பூட்டியிருந்தது. உங்களைப் பார்க்க வருகிறாளா, திட்ட வருகிறாளா எனக்குத் தெரியாது. எச்சரிக்கையாக இருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்துவிடுவாள்.

சங்கத்தில் என்னை மாற்ற வேண்டும் என்று ஒகிட்டா பேசினார். "யாரு வர்றீங்க?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "சரி, இவனே இருக்கட்டும்" என்றார். இருக்கிறேன். பகலில் பாளத்தின் மேல் தண்ணீர் நிற்கிறது. வெள்ளிக்கிழமை கயிற்றையெல்லாம் சுருட்டிவிட்டேன்.

கியோ


ஹகோதாதே, மார்ச் 12

கியோ,

வந்தாள்.

நான் கொட்டகையில் முழங்கை வரை கணவாய் மையோடு நின்றிருந்தேன். பக்கத்துப் பெண், "அண்ணே, ஒரு அம்மா ரொம்ப நேரமா உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கடன் வாங்கினீங்களா?" என்றாள். திரும்பினால் மிட்சுயோ. கையில் ஒரு சிறு பைதான். நான், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ரயில்ல சாப்பிட்டேன்" என்றாள். வேலை முடியும்வரை வாசலில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

அறைக்கு வந்ததும் கேட்டாள். நான் எதிர்பார்த்த கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"கியோ அன்னிக்குச் செத்துப்போயிருந்தா, 'நான்தான்'னு சொல்லியிருப்பீங்களா? இல்ல, 'அவன்தான் கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னான்'னு செத்தவன் மேல போட்டிருப்பீங்களா?"

நல்ல பதிலாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. "தெரியல" என்றேன்.

"போட்டிருக்க மாட்டேன்னு சொல்லியிருந்தீங்கன்னா ராத்திரி வண்டிக்கே திரும்பியிருப்பேன்" என்றாள்.

இருந்துவிட்டாள். ஒரே அறை. நடுவில் மேஜையைப் போட்டு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மூன்றாம் நாள் கொட்டகைக்கு வந்தாள். ஆள் குறைவு என்று மேஸ்திரி அவள் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டார். என்னைவிட வேகமாகக் கிழிக்கிறாள். பெண்களெல்லாம் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். என்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ, அடிக்கடி எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உன் மேல் கோபம் தீரவில்லை. உன் பெயர் வந்தால் பேச்சை மாற்றுகிறாள். நேற்று மாற்றவில்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மாதக் கடைசியில் வேலை முடிகிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி வண்டியில் வருகிறேன். அந்த வாரம்தானே சங்கத்தின் வருஷக் கூட்டம்? ஒகிட்டாவிடம் எனக்குப் பத்து நிமிடம் கேட்டு வை. நீ அன்றைக்கு ஏரிமேல் நின்று பாதியைச் சொல்லிவிட்டாய். மீதிப் பாதி உன்னையும் மிட்சுயோவையும் தவிர அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நீ சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம். என் வாயால், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் அவர்கள் என்ன சொன்னாலும் சரி.

இதை மிட்சுயோவிடம் சொன்னேன். கூட வருவதாக அவள் சொல்லவில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

இசாமு